இந்த வாரம் கடல்காற்று எத்தனை மணிக்கு வரும்?

இந்த வாரத்துக்கான வானிலை அறிக்கையைப் படித்தால் புதிதாக ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. பெரும்பாலும் வறண்ட வானிலை, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை, அதிகபட்ச வெப்பநிலை படிப்படியாக இரண்டு மூன்று டிகிரி உயரக்கூடும், சென்னையில் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேரும்போது அசௌகரியம் ஏற்படலாம். ஏப்ரல் பிறந்துவிட்டால் கிட்டத்தட்ட இதே வரிகள்தான் வாராவாரம் வருகின்றன. டிவியில் கீழே ஓடும், வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள், சரி வெயில்தானே என்று நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த அறிக்கையிலிருந்து உண்மையில் தெரியவேண்டியது அதிகபட்சம் 36-ஆ 37-ஆ என்பதைவிட, கடல்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் வரும் என்பது. அது ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆவதில்தான் இந்த ஊரில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதே இருக்கிறது, வெளியில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு முக்கியமாக. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன்.

தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த மாதத்தில் நம் பக்கத்துக் கடலின் மேற்பரப்பு 29 டிகிரி வாக்கில் இருக்கும். நம் தார்ச்சாலைகளும் மொட்டை மாடிகளும் காலை பத்து மணிக்கெல்லாம் அதைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். தரைமேல் சூடான காற்று லேசாகி மேலே போக, கடல்மேல் இருக்கும் காற்று அந்த இடத்துக்கு வருகிறது. அது வரும் வரை வெப்பமானி ஏறிக்கொண்டே இருக்கும், வந்துவிட்டால் அத்தோடு நின்றுவிடும், பல நாட்களில் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கவும் செய்யும். பதினொன்றரைக்கு வந்தால் அன்றைக்கு 35-ஓடு முடிந்தது. மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ தரைக்காற்று பலமாக வீசினால் கடல்காற்று கரையைத் தாண்ட முடியாமல் இரண்டு மணி, மூன்று மணி வரைக்கும் கடல் மேலேயே நிற்கும், அதுவரைக்கும் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், ஏப்ரலிலேயே 38, 39 என்று போவது அந்த மாதிரி நாட்களில்தான்.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலையில் காயப்போட்ட துணிகள் கிழக்குப் பக்கம் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும், தரைக்காற்று அந்தப் பக்கம் தள்ளுகிறது. பதினோரு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் எதுவுமே ஆடாது. புடவை நேராகத் தொங்கும், பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தில் ஒரு ஓலைகூட அசையாது, கழுத்திலிருந்து முதுகுக்கு வியர்வை இறங்குவது தெரியும், ஒரு நாளில் ரொம்பவும் தாங்கமுடியாத நேரம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அப்புறம் தலையணை உறை, கைக்குட்டை மாதிரி லேசான துணிகள் முதலில் எழும்பும், இந்த முறை மேற்குப் பக்கமாக. சில நிமிடங்களில் புடவை மொத்தமாகத் திரும்பிவிடும். இதற்கு மேல் துணி சீக்கிரம் காயாது என்று அம்மா கனமான துணிகளை எல்லாம் காலையிலேயே அலசிப் போட்டுவிடுவார். கடல்காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. துணி காய மறுக்கிற காற்றில் உடம்பு வியர்வையும் காயாது, இதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோடை வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பெரியம்மா திருவல்லிக்கேணியில் இருக்கிறார், கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. அவர்தான் முதலில் "காத்து வந்துடுச்சு" என்று போடுவார். அதற்கு அப்புறம் பெரம்பூரில் எங்களுக்கு வரும். ஆவடியில் இருக்கும் என் தங்கை பதில் போட வெகு நேரம் ஆகும், சில நாள் "எங்களுக்கு இன்னும் வரலைக்கா" என்று சாயங்காலம் நாலு மணிக்குப் போடுவாள். ஒரே ஊர் என்று நாம் சொல்லும் இடத்துக்குள் கடல்காற்று நடந்துதான் போகிறது. மயிலாப்பூர், அடையாறு முதலில், அப்புறம் கோடம்பாக்கம், வடபழனி, அதற்கும் அப்புறம் அம்பத்தூர், பூந்தமல்லி, கடைசியில் ஸ்ரீபெரும்புதூர். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் ஆவடிப் பக்கம் வரும்போது அதில் தெம்பே இருக்காது.

அறிக்கையில் சென்னைக்கு இரண்டு எண்கள் தருவதற்கும் இதில் பதில் இருக்கிறது. நுங்கம்பாக்கம் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், மீனம்பாக்கம் ஏறக்குறைய பத்து. பகலில் மீனம்பாக்கம் பெரும்பாலும் ஒரு டிகிரியோ அதற்கு மேலோ கூடுதலாகக் காட்டும், காற்று அங்கே தாமதமாகப் போவது ஒரு முக்கியக் காரணம். நுங்கம்பாக்கத்துப் பதிவுகளுக்கு வயது அதிகம். 1792-ல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகம் இருந்த வளாகத்தில்தான் இன்றைய மண்டல வானிலை மையம் இருக்கிறது, அங்கே வானிலைக் குறிப்புகள் 1796-லிருந்து எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. இவ்வளவு நீளமான தொடர்ச்சி உலகத்தில் அதிக ஊர்களுக்குக் கிடையாது, சென்னையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்கள் வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் காற்று நுழைகிற மரப்பெட்டிக்குள், நிழலில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே எடுக்கப்படுகிறவை. உச்சி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் பைக்கில் நிற்கிறவர் தலைமேல் இறங்குவது அந்த எண் கிடையாது.

சென்னையின் கோடை ஒரே மாதிரி ஏறிக்கொண்டே போவது இல்லை, அதில் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன, நாம் இப்போது நிற்பது முதல் கட்டத்தில். மார்ச், ஏப்ரலில் வெயில் முதலில் பிடிப்பது உள்மாவட்டங்களைத்தான். கரூர் பரமத்தி, ஈரோடு, சேலம், வேலூர், திருத்தணி என்று பட்டியல் ஆரம்பிக்கும், அங்கெல்லாம் 39, 40 என்று போகும்போது சென்னை 35-ல் இருக்கும். கடல் நம்மைக் காப்பாற்றுகிறது. மே மாதத்தின் பின்பாதியில் கதை மாறும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரத் தயாராகும்போது மேற்குக் காற்று வலுக்கும். அந்தக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை இறங்கிச் சூடாகி, மாநிலம் முழுக்கக் காய்ந்த தரைமேல் நடந்து வந்து சென்னையைத் தொடும்போது அதில் ஈரம் மிச்சம் இருக்காது, கடல்காற்றையும் சாயங்காலம் வரைக்கும் தள்ளி வைக்கும். மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று நாம் பெருமூச்சு விட்ட பிறகும் ஜூனில் 40-ஐத் தாண்டுவது இதனால்தான். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே மாத இறுதியில்.

புயல்களும் இதில் விளையாடும். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி புயல் நமக்கு மழை தரும் என்று ஊரே காத்திருந்தது, ஏரிகள் காய்ந்து கிடந்த வருஷம் அது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலைமை வந்தது. புயல் நம்மைத் தொடாமல் வடக்கே போய் மே 3 அன்று ஒடிசாவில் பூரிக்குப் பக்கத்தில் கரையேறியது. நமக்குக் கிழக்கே, வடகிழக்கே அப்படி ஒரு சுழல் போகும்போது அது தரைப்பக்கத்துக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும், நமக்குக் கிடைப்பது காய்ந்த மேற்குக் காற்றுதான். மே மாதத்தில் வங்கக்கடலில் புயல் என்று கேள்விப்பட்டால் முதலில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது நல்லது.

ஆனால் இது ஏப்ரல். இப்போது பெரும்பாலான நாட்களில் வங்கக்கடலில் இருக்கும் உயர் அழுத்தத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வருகிறது, முழுக்க ஈரமாக. 35 டிகிரி என்றாலும் உடம்பு அதை 35 என்று எடுத்துக்கொள்வதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் வெப்பக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது, செல்போனில் 'உணரப்படும் வெப்பம்' என்று காட்டுவதும் ஏறக்குறைய இதுதான். அதன்படி 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் குறியீடு 41 வரும். 35 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் 45. ஐந்து டிகிரி குறைவாக இருக்கும் ஊரில்தான் உடம்பு அதிகமாகத் தவிக்கிறது. இதுகூட நிழலில் லேசான காற்றோடு இருப்பவருக்கான கணக்கு, நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரைக்கும் கூடலாம் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்களே சொல்கிறார்கள். வேலூரில் இருக்கும் என் மாமா பையன் ஏர்கூலர் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறான், அதே ஏர்கூலரை இங்கே வாங்கி வைத்தால் அறையில் ஈரம்தான் கூடும், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் தண்ணீர் ஆவியாக இடம் இல்லை. நம் தோலுக்கும் இதே கதிதான். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிரும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு வரையறை இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் 37-ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். சென்னையின் ஏப்ரல் மாத இயல்பு 35-ஐ ஒட்டி இருப்பதால் 39.5 வந்தால்தான் அந்தக் கோட்டை எட்ட முடியும். இந்த வாரம் மாதிரி 36, 37 என்று ஓடும் வாரம், ராத்திரி 27, 28-க்குக் கீழே இறங்காத வாரம், எந்தப் பட்டியலிலும் வராது. எச்சரிக்கை வண்ணம் மாறாது, தலைப்புச் செய்தி வராது, வேலை நேரத்தை மாற்ற யாருக்கும் தோன்றாது. வரையறை இருக்கவேண்டியது அவசியம், அதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆபத்து இல்லை என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கில் கூட்டம், காலையிலிருந்து நிழல் இல்லாத மணலில் காத்திருந்தார்கள், பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரைக்கும் நிகழ்ச்சி. ஐந்து பேர் இறந்துபோனார்கள், எத்தனையோ பேர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது கோடை இல்லை, அன்றைக்கு நுங்கம்பாக்கத்து எண் 40-க்கு அருகில்கூடப் போகவில்லை. வெப்பம், ஈரம், நிழல் இல்லாமை, குடிக்கத் தண்ணீர் கிடைக்காத நெரிசல், இவை சேர்ந்தால் போதும். அதே மாதம்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல முடிவு. ஏப்ரலின் இந்தச் சாதாரண வாரங்களுக்கும் ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே போகாதீர்கள் என்பது எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. வேலூருக்கும் திருச்சிக்கும் அது சரியாகப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் மாதம் பல நாட்களில் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும்தான் மோசம். தரைக்காற்று ஓய்ந்துவிட்டது, கடல்காற்று இன்னும் வரவில்லை, சூரியன் ஏறக்குறைய உச்சியில். உச்சி என்று சும்மா சொல்லவில்லை. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வந்து நிற்கும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது, அது நடப்பது பகல் 12 மணி 7 நிமிடம் வாக்கில். இந்த வாரமும் அதற்கு மிக அருகில்தான் இருக்கிறோம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே தள்ளிப் போய்விடும். ஆக வெயிலின் செங்குத்து அதிகமாக இருப்பது கத்திரியில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அது இப்போதுதான்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணன் இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர். கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார், ஏழெட்டு கிலோ கனம் இருக்கும். தள்ளுவண்டிக்கு மேலே தார்ப்பாய், அதுவும் வெயிலைத் தடுப்பதைவிடச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதிகம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்குத் தக்கபடி பெட்டியைத் திருப்பி வைப்பார், கவனிக்காமல் விட்டால் சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழும். அதனால் காற்று திரும்புவது அவருக்குத் தெரியாமல் நடக்காது. போன வாரம் துணி கொடுக்கப் போனபோது, "அண்ணே, அடுத்த வாரம் இன்னும் ஏறுமாம்" என்றேன். "ஏறட்டும்மா, காத்து மட்டும் நேரத்துக்கு வந்துட்டா சமாளிச்சுக்கலாம். மேக்கால காத்து அடிச்சா பொட்டி கிட்டயே நிக்க முடியல, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணி போவுது, ஒண்ணுக்குப் போவ மாட்டேங்குது" என்றார். கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவ்வளவு தண்ணீர் குடித்தும் சிறுநீர் போகவில்லை என்றால் உள்ளே போவது அத்தனையும் வியர்வையாகவே வெளியேறுகிறது, உப்பும் சேர்ந்து. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். ஏதாவது வேண்டும் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து அம்மா ஒரு சொம்பு நீர்மோர் அனுப்புகிறார்.

அவரைப் போல எத்தனை பேர். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக் கம்பி கட்டும் பையன்களைப் பாருங்கள், பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே வெயில் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்கள் ஊரில் பலருக்குத் தெரிந்தது காய்ந்த வெயில், சென்னையின் ஈரம் அவர்களுக்குப் புதிது. வந்து சேர்ந்த முதல் வாரம் இரண்டு வாரம்தான் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதிக ஆபத்து, உடம்பு பழகுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். உணவு டெலிவரி செய்கிறவர்களுக்கு மதிய நேரம்தான் ஆர்டர் அதிகம். அண்ணா நகரில் மாநகராட்சி 2025-ல் அவர்களுக்கென்று குளிர்சாதன ஓய்வறை ஒன்று திறந்தது, உள்ளே கழிப்பறையும் செல்போன் சார்ஜ் போட வசதியும் உண்டு. அந்த மாதிரி ஊர் முழுக்க வேண்டும், முதலில் கடல்காற்று தாமதமாகப் போய்ச் சேருகிற மேற்குப் பக்கத்துப் பகுதிகளில் வேண்டும்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம். திங்களும் செவ்வாயும் தென்கிழக்குக் காற்றுதான், கடல்காற்று பன்னிரண்டுக்குள் வந்துவிடும், 35-ஐ ஒட்டி நிற்கும், புழுக்கம் காலையிலேயே தொடங்கும். புதனிலிருந்து கீழடுக்குகளில் காற்று மேற்குக்கும் வடமேற்குக்கும் மாறுவதாகத் தெரிகிறது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நகரத்தில் 37 வரைக்கும், மேற்குப் புறநகர்களில் இன்னும் ஒன்றிரண்டு கூடவும் போகலாம், கடல்காற்று ஒன்றரை, இரண்டு மணிக்கு மேல்தான். சனிக்கிழமை வாக்கில் திரும்பவும் தெற்குக் காற்று. மழை நமக்கு இல்லை. தேனி, தென்காசி, நீலகிரிப் பக்கம் சாயங்காலத்தில் இடிமழை இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் வீடியோ போடுவார்கள், பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். சென்னைக்கு ஏப்ரல் மாதம் முழுமைக்கும் சராசரியாக ஓரிரு சென்டிமீட்டர் மழைதான், அதுவும் பல வருஷம் ஒரு சொட்டுகூட விழாது.

நீங்களே பார்க்க வேண்டும் என்றால் விண்டி மாதிரிச் செயலியைத் திறந்து, வெப்பநிலைப் பக்கத்தை விட்டுவிட்டுக் காற்றுப் பக்கத்துக்குப் போங்கள். தரைமட்டக் காற்றைப் பார்த்த பிறகு உயரத்தை 900 மீட்டர், 750 மீட்டர் வாக்கில் மாற்றிக் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் அம்புகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே மேற்கிலிருந்து வேகமாக வருகிறது என்றால் கடல்காற்று தாமதம். தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வந்தால் சீக்கிரம் வந்துவிடும். அதில் வரும் கணினிக் கணிப்புகளில் ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒன்றையே சொன்னால் நம்பலாம். இரண்டும் வேறு வேறு சொன்னால் மறுநாள் காலை திரும்பப் பாருங்கள், ஐந்து நாளைக்கு மேல் போன எதையும் அதிகம் நம்பாதீர்கள். அதிகாரபூர்வமான எச்சரிக்கைக்கு மண்டல வானிலை மையத்தின் அறிக்கைதான், தமிழிலேயே தினமும் வருகிறது.

வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ராத்திரிதான் பிரச்சினை. மேல்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த கான்கிரீட் பத்து மணிக்கு மேல்தான் அதை உள்ளே இறக்கும், ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். 2024 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது, ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாத வீடுகள் அதிகமாகிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஏ.சி. இல்லாத வீடுகளுக்கு எங்கள் அனுபவத்தில் பலன் தந்தது மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததுதான். மார்ச் கடைசியில் ஓனரிடம் கேட்டு அடித்தோம், பெரிய செலவு இல்லை, ராத்திரி சுவரைத் தொட்டாலே வித்தியாசம் தெரிகிறது. கிழக்கு ஜன்னலைக் காலையில் மூடி, கடல்காற்று திரும்பியதும் திறந்துவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு மூன்று மணிக்கு முன்பே திரை போட்டுவிடுங்கள். வயதானவர்களிடம் தாகம் எடுக்கிறதா என்று கேட்காதீர்கள், அவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, நேரம் வைத்துக் கொடுத்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியில் யாராவது மயங்கி உட்கார்ந்தாலோ, உளறலாகப் பேசினாலோ, உடம்பு கொதித்தாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. வியர்வை நின்றிருக்கவும் செய்யலாம், வழிந்துகொண்டிருக்கவும் செய்யலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, தலையிலும் உடம்பிலும் தண்ணீரை நிறைய ஊற்றி விசிறுங்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் அரை மணி நேரத்தில் உடம்பைக் குளிர வைப்பதுதான் உயிரைக் காப்பாற்றும், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேலை வாங்குகிற இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டட வேலை, சாலை வேலை, தோட்ட வேலை எதுவானாலும் இந்தப் புதன், வியாழன், வெள்ளியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்திவிட்டு, காற்று வந்த பிறகு மூன்று மணிக்குத் திரும்பத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். மொத்த மணி நேரம் பெரிதாகக் குறையப் போவதில்லை. ஏப்ரல் நடுவில் ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடுகிறது, சாயங்காலம் ஆறேகால் வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் பத்து நிமிடம் உட்கார வைப்பதற்கும், கூடவே உப்புக் கரைத்த மோரோ எலுமிச்சை ஜூஸோ கொடுப்பதற்கும் பெரிய பட்ஜெட் வேண்டாம்.

எங்கள் தெருவிலேயே ஒன்று பாக்கி இருக்கிறது. எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பெரிய புங்கமரம், பகல் பன்னிரண்டு மணிக்கும் வண்டி நிற்கிற அளவுக்கு நிழல். இஸ்திரி அண்ணன் முன்பு அங்கேதான் வண்டி போட்டிருந்தார், கார் திரும்ப இடைஞ்சல் என்று சங்கத்தில் சொல்லி அவரைத் தெருமுனைக்கு நகர்த்திவிட்டார்கள். பத்தரையிலிருந்து இரண்டு வரைக்கும் மட்டும் அவர் வண்டியை அந்த மரத்தடியில் நிறுத்திக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் உள்ளே வெளியே போகிற கார் மிகக் குறைவு என்று ஒரு கடிதம் எழுதி, கீழ்வீட்டு ஆன்ட்டியிடமும் எதிர்வீட்டு சாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆனால் மேற்குக் காற்று புதன்கிழமையே வருகிறது, அதனால் செயலாளரை நாளைக்கே வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.